பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு போன்

பத்தாயிரம் ரூபாய்க்குள் உருப்படியாக ஒரு போன் வாங்க நினைப்பது அவ்வளவு பெரிய குற்றமா? பின்பக்கம் மூன்று கண் முழிக்கிறது. அதில் ஒன்றுதான் கேமரா. இன்னொன்று மிகக் கிட்டத்தில் வைத்து எடுக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோ, மூன்றாவது சும்மா அழகுக்கு. 50 மெகாபிக்சல் என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். நாலு பிக்சலை ஒன்றாக்கி 12.5-இல்தான் படம் வரும். 8 ஜிபி ராமாம்! அதில் பாதி ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. கல்யாணத்துக்கு இரவல் நகை போட்ட கதைதான். கடன் கொடுத்த ஸ்டோரேஜாவது வேகமானதா? யுஎஃப்எஸ் என்கிற வேகமான வகையெல்லாம் கிடையாது, மெதுவாக ஓடும் பழைய இஎம்எம்சி வகைதான். திரை 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 முறை புதுப்பிக்குமாம். ஆனால் படத் தெளிவைச் சொல்லும் ரெசல்யூஷன் வெறும் 720. அதை மட்டும் பொடி எழுத்தில் ஒளித்து வைப்பார்கள்.

சரி, விலையாவது நிஜமா? 9,999 என்பது குறிப்பிட்ட வங்கி கார்டும் இருந்து, பழைய போனையும் கொடுத்தால். சார்ஜர்? தனியாக வாங்கிக்கொள்ளணுமாம். ஆன் செய்ததுமே யாரும் கேட்காத கடன் ஆப் ஒன்று வணக்கம் சொல்கிறது.

இத்தனைக்கும் மேல் கடைக்காரத் தம்பி, "இன்னும் ஐயாயிரம் போட்டீங்கன்னா நல்லதா எடுத்துரலாம் சார்" என்கிறார். அது இருந்தால் நான் ஏன் தம்பி இந்த ரேக் பக்கம் நிற்கிறேன்?