விடிய விடிய லைட் எரிந்தால் டெங்கு கொசு கடிக்காதா?

"கொசுவுக்கு வெளிச்சம் ஆகாது. ராத்திரி முழுக்க டியூப் லைட்டைப் போட்டு வையுங்கள், டெங்கு அண்டாது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி பகலில் கடிக்கும் கொசு. இரவில் பெரும்பாலும் அடங்கியிருக்கும். அமெரிக்காவின் நோட்ர டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரவில் செயற்கை வெளிச்சம் காட்டிச் சோதித்தபோது (2020), அது இரவிலும் கூடுதலாகக் கடித்தது. நீங்கள் போடும் லைட் அதை எழுப்பிவிடத்தான் உதவும். இருட்டில் கடிக்கும் மலேரியா கொசு அனோபிலிஸ் வேறு ரகம். செய்தியை எழுதியவர் இரண்டையும் குழப்பிக்கொண்டார் போலிருக்கிறது.

சரி, மங்கலான பெட்ரூம் விளக்கு என்ன செய்துவிடும்? பூச்சிகளின் உடல் கடிகாரத்தை விஞ்ஞானிகள் அதிகம் படித்தது பழ ஈயில். அதன் மூளைச் செல்களில் உள்ள கிரிப்டோகுரோம் என்ற புரதத்தில் வெளிச்சம் பட்டதும், கடிகாரத்தின் முக்கியப் பாகமான டைம்லெஸ் புரதம் சிதைகிறது, நேரம் திருத்தப்படுகிறது. உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை போகும், நிலவொளி ஒரு லக்ஸ்கூட வராது. ஆனாலும் இரவில் நிலவளவு வெளிச்சம் இருந்தாலே பழ ஈயின் மாலை நடமாட்டம் இரவுக்குள் நீள்கிறது. பிரகாசமான ஒளியை இரவு பகலாக எரியவிட்டால் நாள் ஒழுங்கே குலைந்துவிடும். கிரிப்டோகுரோம் பழுதான ஈக்கள் மட்டும் அப்போதும் வழக்கம்போல் தூங்கி விழிக்கும்!

டெங்குவுக்குப் பகல் தூக்கத்திலும் கொசுவலை கட்டுங்கள். அப்புறம், தொட்டித் தண்ணீரை மூடி வையுங்கள்.