வாளையாறுக்கு இந்தப் பக்கம் ஒரு மாசி வாரம்

தமிழ்ப் படத்தில் மலையாளி வந்தால் டீக்கடை வைத்திருப்பார், இல்லையென்றால் தமிழைக் கடித்துப் பேசிச் சிரிக்க வைப்பார். மலையாளப் படத்தில் தமிழர் வந்தால் வட்டிக்குப் பணம் கொடுப்பார், லாரி ஓட்டுவார், பாதிப் படங்களில் அடியாள். ரெண்டு பக்கத்துப் படங்களையும் பார்த்து வளர்ந்த எனக்கு இது சின்ன விஷயமாக ஒருநாளும் தோன்றியதில்லை. கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் வீட்டுக்குள் தமிழ், கடைத்தெருவில் ரெண்டும், அரசு அலுவலகத்தில் மலையாளம் என்று வாழ்கிறவர்கள் நாங்கள். எந்தப் பக்கத்து ஆளைக் கேலி செய்தாலும் அது எங்கள் சொந்தக்காரர் ஒருவர்மேல்தான் விழுகிறது.

இந்த வாரம் படித்தது, பார்த்தது, கேட்டது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது இந்த நினைப்புதான் மறுபடி மறுபடி வருகிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

படித்தது ஓ.வி. விஜயனின் ‘கசாக்கின் இதிகாசம்’. தமிழில் யூமா வாசுகி. 1968-ல் மாத்ருபூமி வார இதழில் தொடராக வந்து, அடுத்த வருடம் புத்தகமான நாவல். முன்பே படித்ததுதான். ஆனால் இதைப் படிக்க மாசிதான் சரியான மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் கிழக்குக் காற்று இன்னும் முழுதாக ஓயவில்லை, வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது, பனையோலை இரவெல்லாம் சலசலக்கிறது. நாவலில் வரும் அந்தக் காற்றும் கரிம்பனையும் எங்கள் ஜன்னலுக்கு வெளியே இருப்பவை. கசாக்குக்கு மாதிரியாக இருந்த தஸ்ராக் பாலக்காட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. விஜயனின் தங்கை அங்கே ஓராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தபோது இவரும் போய்த் தங்கினார். நாவலில் ரவி அப்படியொரு பள்ளிக்கு வாத்தியாராக வந்து சேருகிறான்.

கசாக்கில் வாழும் ராவுத்தர் என்ற முஸ்லிம் சமூகத்தாரை விஜயன் எழுதியிருக்கும் விதத்தைத்தான் நான் சொல்ல வந்தேன். பாலக்காட்டு ராவுத்தர்களுக்குத் தமிழோடு உள்ள உறவு இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர்களுடைய பேச்சையும் நம்பிக்கைகளையும் வேடிக்கைப் பொருளாக்காமல், அந்த மண்ணின் புராணமாகவே எழுதிவிட்டார். ஊர் மதகுருவான அள்ளாப்பிச்சா மொல்லாக்கா புதுப் பள்ளிக்கூடத்தை எதிர்க்கிறவர். சாதாரணக் கையில் மாட்டியிருந்தால் படிப்புக்கு எதிரான பழமைவாதி என்று ஒரே வரியில் முடிந்திருப்பார். விஜயன் கையில் அவருக்கு முதுமை இருக்கிறது, பயம் இருக்கிறது, ஆயிரத்தொரு குதிரைகளோடு வந்த ஷேக்கின் கதையைச் சொல்லும்போது ஒரு கம்பீரமும் இருக்கிறது. அவர் தளர்ந்துபோகும் பக்கங்களை இந்த முறை என்னால் வேகமாகக் கடக்க முடியவில்லை. யூமா வாசுகிக்கு இந்த மொழிபெயர்ப்புக்காக சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் இந்தப் புத்தகம் போய்ச் சேர வேண்டும். தங்கள் ஊர்க் காற்று உலக இலக்கியத்தில் இடம்பிடித்திருப்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

பார்த்தது லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’. 2023 ஜனவரியில் தியேட்டருக்கு வந்த படம், இப்போது வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்த்தேன். வேளாங்கண்ணி போய்த் திரும்பும் மலையாளிகளின் பஸ். அதில் மம்முட்டி நடித்த ஜேம்ஸ். அவருக்குத் தமிழ்நாட்டுச் சாப்பாடு பிடிக்காது, வண்டியில் ஓடும் தமிழ்ப் பாட்டும் பிடிக்காது. மத்தியானத் தூக்கம் கலைந்ததும் வழியில் இறங்கி, வயலைத் தாண்டி ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடந்து, காணாமல் போன சுந்தரத்தின் வீட்டுக்குள் அவராகவே நுழைகிறார். லுங்கி மாற்றுகிறார், மாட்டைக் கவனிக்கிறார், அச்சு அசலான தமிழ் பேசுகிறார்.

ஏன் இப்படி நடந்தது என்று படம் விளக்குவதில்லை. விளக்காதது எனக்குப் பிடித்திருக்கிறது. தேனி ஈஸ்வரின் கேமரா அநேகமாக நகர்வதே இல்லை, தெருவையும் திண்ணையையும் அப்படியே பார்த்துக்கொண்டு நிற்கிறது. பின்னணியில் எங்கேயோ டிவியிலும் ரேடியோவிலும் ஓடும் பழைய தமிழ்ப் படங்களின் வசனமும் பாட்டும். கண் தெரியாத அந்த அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார். எங்கள் அம்மாயி கடைசிக் காலத்தில் இருந்ததும் இதே மாதிரிதான். அந்தக் காட்சியில் எங்கள் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

அந்த ஊர்க்காரர்கள் நடந்துகொள்வதைக் கவனியுங்கள். கோபம் வருகிறது, குழப்பம் வருகிறது, சுந்தரத்தின் மனைவி நிலைமை சொல்லவே முடியாதது. அப்படியும் பஸ்ஸில் வந்தவர்களை எதிரிகளாக்கி அடித்து விரட்டுவதில்லை. தமிழ்க் கிராமம் என்றாலே அரிவாள் என்று காட்டிப் பழகிய திரையில் இப்படியொரு கிராமத்தை ஒரு மலையாள இயக்குநர் காட்டியிருக்கிறார். எஸ். ஹரீஷ் எழுதியது. நம் ஆட்கள் எடுத்த எத்தனையோ கிராமத்துப் படங்களைவிட இதில் தமிழ்க் கிராமம் உண்மையாக இருக்கிறது என்பேன். இதற்காகச் சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

கேட்டது கர்நாடக இசைப் பாடகர் எம்.டி. ராமநாதன். இரவில், எல்லா வேலையும் முடிந்த பிறகு. பாலக்காட்டு மஞ்ஞப்பிராவில் 1923-ல் பிறந்து, சென்னைக்குப் போய் டைகர் வரதாச்சாரியாரிடம் படித்து, கலாக்ஷேத்ராவிலேயே ஆசிரியராக இருந்தவர். பாகேஸ்ரீயில் அவரே இயற்றிய ‘சாகர சயன விபோ’ அந்த அடித்தொண்டைக் குரலில் மெதுவாக இறங்கும்போது வேறு எதுவும் செய்யத் தோன்றாது. இவ்வளவு நிதானமாகப் பாடுகிறாரே என்று அலுத்துக்கொண்டவர்கள் சென்னையில் இருந்தார்கள். கேரளத்தில் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள், கவிஞர் சச்சிதானந்தன் அவர் பாட்டைப் பற்றி மலையாளத்தில் கவிதையே எழுதினார். வீட்டில் தமிழ் பேசிய ஒரு பாலக்காட்டுப் பாடகரை எந்தத் தயக்கமும் இல்லாமல் மலையாளிகள் தங்களவராக எடுத்துக்கொண்டார்கள். இதை நாம் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

நம் மாசி மலையாளத்தில் கும்ப மாதம் என்பதால் பாலக்காட்டுச் சித்தூர் பகவதி கோவிலின் கொங்கன் படைத் திருவிழாவும் பேச்சில் வந்தது. கொங்கு நாட்டு ராஜா படையெடுத்து வந்ததாகவும், பகவதி அந்தப் படையை முறியடித்ததாகவும் ஐதீகம். திருவிழாவில் எதிரி நம் பக்கத்து ஆள்தான்! பொள்ளாச்சிப் பக்கம் வேர் உள்ள எங்களுக்கு இது வருத்தமில்லையா என்று சித்தூர் நண்பர் ஒருவர் கேட்டார். துளிகூட இல்லை சேட்டா என்றேன். அங்கே கொங்கனுக்கு ஒரு அந்தஸ்து இருக்கிறது, படை இருக்கிறது. கோமாளியாக வருவதைவிட எதிரியாக வருவது எவ்வளவோ மேல்.

சரி, நாம் என்ன செய்திருக்கிறோம்? எழுத்தில் குறை சொல்ல முடியாது. திருவனந்தபுரம் சாலைத் தெருவில் கடை வைத்துக்கொண்டே அந்தத் தெருவின் சுமைக்காரர்களையும் திருடர்களையும் கைவிடப்பட்ட பெண்களையும் எழுதினார் ஆ. மாதவன். மலையாளத்தில் பள்ளிப் படிப்பு, எழுத்து தமிழில். அவர் கதையில் யார் மலையாளி, யார் தமிழர் என்று பார்க்கவே தோன்றாது, பசிதான் தெரியும். நீல பத்மநாபன், தோப்பில் முகமது மீரான் என்று இன்னும் சிலரைச் சொல்லலாம். சினிமாவில்தான் வறட்சி. சாலைத் தெருக் கதைகளை ஒரு தமிழ் இயக்குநர் எடுத்துக்கொண்டு, மலையாளிப் பாத்திரங்களுக்கு அவர்களுடைய பேச்சை அப்படியே விட்டுவைத்து, சிரிப்புக்கு இழுக்காமல் ஒரு படம் செய்ய வேண்டும். முதல் நாள் பாலக்காட்டில் ரிலீஸ் ஆகாவிட்டால் கோயம்புத்தூர் போயாவது பார்ப்பேன்.

அப்படி ஒரு தமிழ்ப் படம் ஏற்கெனவே வந்து என் கண்ணில் படாமல் போயிருந்தால் பெயரைச் சொல்லுங்கள். பங்குனி பிறப்பதற்குள் பார்த்துவிடுகிறேன்.