எல்லாம் டைப்-சி, ஆனால் எல்லாம் ஒன்றில்லை

மேசையில் இரண்டு லேப்டாப், ஒரு 4கே மானிட்டர். டிராயரில் கிடக்கும் ஏழெட்டு டைப்-சி கேபிளில் எது படம் காட்டும் என்று பார்த்துச் சொல்லவே முடியாது. எவ்வளவு பெரிய அநியாயம்!

போனோடு வந்த கேபிளைச் செருகினால் லேப்டாப் சார்ஜ் ஆகும். மானிட்டர் 'சிக்னல் இல்லை' என்று இருண்டே கிடக்கும். அந்தக் கேபிளுக்குள் பெரும்பாலும் பழைய, மெதுவான யுஎஸ்பி 2.0 வயர்கள்தான், வேகம் 480 எம்பிபிஎஸ். படத்தைச் சுமக்கும் அதிவேக ஜோடி வயர்களே கிடையாது. வெளியிலோ அதே முனை, அதே உறை. நாலு எழுத்து அச்சடிக்கக்கூடவா இடமில்லை?

சரியான கேபிள் கிடைத்தாலும், ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஹப் காலை வாரும். மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகர்கிறதா? டிஸ்ப்ளே செட்டிங்கில் பாருங்கள், 30 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 30 படம்தான் என்றிருக்கும். பல ஹப்கள் கேபிளின் நான்கு அதிவேக ஜோடியில் இரண்டை, வேகமாகத் தரவு அனுப்பும் யுஎஸ்பி 3-க்கு ஒதுக்கிவிடுகின்றன. மீதி இரண்டில், படம் அனுப்பும் முறையான டிஸ்ப்ளேபோர்ட்டின் 1.2 பதிப்பு வேகத்தில், 4கே 30 ஹெர்ட்ஸில்தான் போகும். பெட்டியில் '4கே' மட்டும் கொட்டை எழுத்தில்! 60 ஹெர்ட்ஸ் என்று தெளிவாகப் போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். அந்த இரண்டு ஜோடியிலேயே 60 வர, லேப்டாப்பிலும் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 இருக்க வேண்டும்.

வயர்லெஸ் மவுஸ் திக்கினால் உடனே பேட்டரியை மாற்றாதீர்கள். மவுஸ் பயன்படுத்தும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் யுஎஸ்பி 3 போர்ட் இரைச்சல் கிளப்பும். மவுஸோடு வந்த குட்டி ரிசீவரை யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயரில் ஓரடி தள்ளி வையுங்கள்.

வேலை செய்யும் கேபிளின் இரு முனையிலும் டேப் சுற்றி 'படம்' என்று எழுதிவிடுங்கள். தயாரித்தவர்கள் செய்திருக்க வேண்டிய வேலை இது.