சேற்றுப் பாவாடையும் கையுறையும்

ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் நாவல்களுக்குப் படம் போடுகிறவர்கள் உடையை வெறும் அலங்காரமாக நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது. அந்தக் கதைகளில் பாதி விஷயத்தைத் துணிதான் சொல்கிறது.

'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' வெளிவந்தது 1813-இல். அன்றைய கவுனுக்கு இடுப்பு மார்புக்குக் கீழேயே முடிந்துவிடும், அங்கிருந்து மெல்லிய மஸ்லின் நேராகப் பாதம்வரை விழும். 'நார்த்தாங்கர் அபே'யில் ஹென்றி டில்னி, தங்கைக்கு அசல் இந்திய மஸ்லினை கெஜம் ஐந்து ஷில்லிங்குக்கு வாங்கியதைப் பெருமையாகச் சொல்வான். அவ்வளவு மெல்லிய துணிக்குள் பாக்கெட் வைத்தால் துருத்திக்கொண்டு தெரியும். அதனால்தான் கையில் சுருக்குப்பை.

'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாயகி எலிசபெத், பிங்கிலி என்பவரின் வீட்டில் உடம்பு சரியில்லாமல் கிடக்கும் அக்காவைப் பார்க்க மூன்று மைல் சேற்றில் நடந்தே போகிறாள். உள்பாவாடையில் ஆறு அங்குலத்துக்குச் சேறு, மேலே கவுனை இறக்கிவிட்டும் மறையவில்லை என்று பிங்கிலியின் சகோதரிகள் அவள் முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள். யார் எப்படிப்பட்டவர் என்பது அந்தச் சேற்றிலேயே தெரிந்துவிடுகிறது.

1833-இல் பென்ட்லி என்ற பதிப்பாளரின் பதிப்புக்கு வரைந்த ஓவியர் பிக்கரிங், இதே எலிசபெத்துக்கு 1830-களின் உப்பிய கைகளையும் இறுக்கிய இடுப்பையும் மாட்டிவிட்டார். ஆஸ்டின் இறந்து பதினாறு வருடம்தான் ஆகியிருந்தது, அதற்குள் அவர் பார்த்த உலகம் படத்திலிருந்து போய்விட்டது! 1894-இல் அதே நாவலுக்கு ஹியூ தாம்சன் வரைந்த மயில் அட்டைப் பதிப்பை எல்லாரும் கொண்டாடுகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படங்களில் எல்லாரும் கொஞ்சம் அதிகமாகவே இனிப்பாக இருக்கிறார்கள், ஆஸ்டினின் கூர்மை அதில் மழுங்குகிறது. என் ஓட்டு ஆஸ்டினுக்குப் படம் வரைந்த இன்னொருவரான சார்லஸ் பிராக்குக்கு. கேம்பிரிட்ஜில் பிராக் சகோதரர்களின் ஸ்டுடியோவில் அந்தக் காலத்து உடைகளும் மரச்சாமான்களும் இருந்தன. வீட்டு ஆட்களுக்கே அவற்றை உடுத்தி நிற்கவைத்து வரைந்தார்கள். துணி எங்கே மடியும் என்று அந்தக் கோடுகளுக்குத் தெரியும்.

பழக்கவழக்கமும் இப்படித்தான். அறிமுகமான ஆண் தலை தாழ்த்துவான், பெண் முழங்காலை லேசாக மடக்குவாள். கை கொடுப்பது அதற்கும் மேலான நெருக்கம். 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யில் லண்டன் விருந்தில் மரியான் தான் காதலிக்கும் வில்லபியிடம் கை நீட்டுகிறாள். அவன் தயங்கி, ஒரு கணம் மட்டும் பற்றிவிட்டு விடுகிறான். அவளுக்கு உலகமே இடிகிறது.

இப்போது வரும் பல அட்டைகளில் விரித்த கூந்தல், கையுறை இல்லாத கைகள், தோளில் சாய்ந்த முகங்கள். எல்லாரும் எல்லாரையும் தொட்டுக்கொண்டே நின்றால், மரியான் அந்த ஒரு கைக்காக ஏன் இப்படித் துடிக்கிறாள் என்பது முதல்முறை படிக்கிறவருக்கு எப்படிப் புரியும்?