மூன்று மணி நேரத்தில் ஓர் ஊரை ‘ஒன்றுமில்லை’ என்று தீர்த்துவிட முடியுமா?

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்தக் காணொளியைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நான் மதிக்கும் நண்பர்கள் பலர் அதன் கீழே சிரித்து வைத்திருப்பதையும், சிலர் என்னைக் குறிப்பிட்டு “இது உங்கள் பக்கத்து ஊராமே” என்று கேட்டிருப்பதையும் பார்த்த பிறகு பேசாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தின் வடகிழக்கில் இருக்கும் டெக்கோராவுக்கு நண்பகலில் வந்து, வாட்டர் தெருவை ஒருமுறை நடந்து முடித்து, ஞாயிறு என்பதால் அடைத்திருந்த கடைகளைப் படம் பிடித்து, மூன்று மணிக்கெல்லாம் காரேறிவிட்ட ஒருவர், அதற்கு ‘ஒரு நாள் உள்ளூர்வாசியாக’ என்று பெயரும் வைத்து, ‘சோளக்காட்டைத் தவிர இங்கே ஒன்றுமில்லை’ என்று தீர்ப்பும் சொல்லியிருக்கிறார். ஓர் ஊரில் ஒன்றுமில்லை என்று சொல்வதற்கு முதலில் ஒரு முழு நாளாவது அங்கே இருந்திருக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

பரந்து கிடக்கும் தட்டை நிலம் என்கிறார் அவர். கடைசிப் பனியுகத்தின் பனிப்பாறைகள் மத்திய மேற்கின் பெரும்பகுதியை நிரவிவிட்டுப் போனபோது, தொடாமல் விட்டுப்போன பகுதியில்தான் டெக்கோரா இருக்கிறது. அதனால்தான் அங்கே குன்றுகளும் சுண்ணாம்புப் பாறைச் செங்குத்துகளும் ஊற்றுகளும் இருக்கின்றன. ஊருக்கு மிக அருகிலேயே டன்னிங்ஸ் ஊற்று அருவியாக இறங்குகிறது. அதே பக்கத்தில் ஒரு பனிக்குகை இருக்கிறது. குளிர்காலத்தின் குளிரைப் பாறை தன்னுள் வாங்கி வைத்துக்கொள்ள, வசந்தத்தில் உருகி இறங்கும் நீர் உள்ளே சொட்டி உறைகிறது. வெளியே சட்டை வியர்வையில் ஒட்டும் ஜூன் மாதத்தில், உள்ளே சுவரில் கை வைத்தால் பனிக்கட்டி. அவர் நின்று படம் பிடித்த தெருவிலிருந்து இதற்கெல்லாம் காரில் சில நிமிடங்கள் போதும்.

அந்த ஊர்க்காரர்களின் ஒரு நாள் எப்படிப் போகும் என்று அவர் யாரையாவது கேட்டிருக்கலாம். சனிக்கிழமை காலையில் குழந்தை வைத்திருப்பவர்கள் டிரவுட் மீன் பண்ணைக்குப் போவார்கள். சில்லறை போட்டு வாங்கிய ஒரு கைப்பிடித் தீனியை வீசினால் தண்ணீர் கொதிப்பதுபோல மீன்கள் புரண்டு எழும். பண்ணைக்கு அருகில் இருந்த வெண்டலைக் கழுகுக் கூட்டைத்தான் 2011-இல் உலகம் முழுவதும் பல கோடி முறை நேரலையில் பார்த்தார்கள். பிறகு, 1974-இல் தொடங்கிய ஒனியோட்டா உணவுக் கூட்டுறவுக் கடையில் காய்கறி வாங்கவும் கூடவே அரை மணி நேரம் நின்று பேசவும் செய்வார்கள். ஜூலை, ஆகஸ்டில் சாலையோரம் ஒரு மேசையில் இனிப்புச் சோளக் கதிர்கள் குவிந்திருக்கும். பக்கத்தில் ஆளிருக்காது, ஒரு காசுப்பெட்டி மட்டும் இருக்கும். அவர் ‘சோளக்காடு’ என்று திரும்பத் திரும்பக் காட்டிய வயல்களில் பெரும்பாலும் விளைவது மாட்டுத் தீவனத்துக்கும் எத்தனாலுக்கும் போகும் சோளம்; உள்ளூர்க்காரர்கள் வேகவைத்துச் சாப்பிடுவது அந்த மேசையில் இருப்பதை. இந்த வித்தியாசம்கூடத் தெரியாமல் உள்ளூர்வாசி என்று தலைப்பு வைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வெஸ்டர்ஹைம் அருங்காட்சியகத்தை அவர் வாசலோடு கடந்து போகிறார். நார்வேயிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த மரப்பெட்டிகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. பூவேலைகளுக்கு நடுவில் உரிமையாளரின் பெயரையும் ஆண்டையும் எழுதிய பெட்டிகள். ஒரு குடும்பத்தின் மொத்த உடைமையும் அதற்குள் அடங்கியிருக்கிறது. இரண்டு சகோதரர்கள் 1933-இல் நார்வேயிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து ஓட்டிவந்த சிறிய பாய்மரப் படகும் அங்கேதான் நிற்கிறது. இருபத்துமூன்று கிலோ எடைக் கணக்குக்குள் வாழ்க்கையைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கிய நம்மவர்களுக்கு அந்தப் பெட்டிகளின் முன்னால் ஐந்து நிமிடம் நிற்கத் தோன்றாமல் போவது எப்படி?

என் அம்மாவை ஒரு கோடையில் அங்கே அழைத்துப் போயிருந்தேன். ஊருக்கு வடக்கே சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்ற விதைப் பாதுகாப்பு அமைப்பின் 890 ஏக்கர் பண்ணை இருக்கிறது. பவேரியாவிலிருந்து குடியேறிய குடும்பம் ஒன்று கொண்டுவந்த பூங்கொடி விதையும் தக்காளி விதையும் பேத்தியின் கைக்கு வர, அவரும் கணவரும் 1975-இல் தொடங்கிய அமைப்பு அது. இன்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ரகங்களைக் காத்துவருகிறது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. களஞ்சியத்தின் சிவப்புச் சுவரில் ஏறிய ஊதாப் பூக்கொடியைப் பார்த்துவிட்டு, பாத்தியருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவரை விதையைச் சாம்பலில் புரட்டி வைப்பதையும் துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைப்பதையும் பற்றி என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஓர் இளம்பெண் அருகில் வந்து என்னவென்று விசாரித்தார், நான் மொழிபெயர்த்தேன். எந்த மரத்துச் சாம்பல், எவ்வளவு, எத்தனை மாதம் தாங்கும் என்று அந்தப் பெண் கேட்ட கேள்விகளுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை, அம்மாவுக்குத் தெரிந்தது. அமெரிக்காவில் இருந்த அத்தனை நாட்களிலும் அம்மாவிடம் யாரும் எதையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைத்ததில்லை, நான் உட்பட. அந்த ஊரில் நினைத்தார்கள். அதனால் ‘ஒன்றுமில்லை’ என்ற சொல் எனக்கு வலிக்கிறது.

சிலர் என்ன சொல்வார்கள் என்று தெரியும். ‘நீங்களே மினசோட்டாவில் இருக்கும் வெளியூர் ஆள், உங்களுக்கு என்ன அக்கறை?’ என்பார்கள். வெளியூர் ஆள்தான், அதனால்தான் தீர்ப்புச் சொல்லாமல் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ‘கார் இல்லாமல் போக முடியாத ஊர்’ என்பார்கள். உண்மை, அதை மறுக்கவில்லை.

‘வெள்ளையர் ஊரை ஏன் இப்படிக் கொண்டாடுகிறீர்கள்?’ என்ற கேள்வியை மட்டும் அப்படிக் கடந்துவிட முடியாது. அந்த ஊரின் பெயரே வவ்கான் டெக்கோரா என்ற ஹோசங்க் பழங்குடித் தலைவருடையது. 1848-இல் அவருடைய மக்கள் அங்கிருந்து மினசோட்டாவுக்கு அகற்றப்பட்டார்கள், அடுத்த ஆண்டே முதல் குடியேற்றக் குடும்பம் வந்து இறங்கியது. அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் போஸ்ட்வில்லில் 2008 மே மாதம் இறைச்சி ஆலையில் நடந்த குடியேற்றச் சோதனையில் ஒரே நாளில் 389 பேர் கைதானார்கள். கடைக்குள் நுழைந்ததும் ஒரு நொடி கூடுதலாக நம்மேல் தங்கும் பார்வை எனக்கும் பழக்கமானதுதான். இவற்றையெல்லாம் அவர் பேசியிருந்தால் நானே முதல் ஆளாகப் பகிர்ந்திருப்பேன். அவர் பேசவில்லையே. அவருடைய குறை, அந்த ஊர் அவருக்கு வேடிக்கை காட்டவில்லை என்பது மட்டும்தான்.

வேடிக்கை காட்ட வேண்டிய கடமை எந்த ஊருக்கும் இல்லை. டெக்கோராவிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் ஸ்பில்வில் இதைவிடவும் மிகச் சிறியது. செக் நாட்டு இசைமேதை த்வோர்ஷாக் 1893-இன் கோடையை அங்கே கழித்து, தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து, இன்றும் உலகெங்கும் மேடைகளில் ஒலிக்கும், நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும் நரம்பிசைப் படைப்பு ஒன்றை அங்கேயே எழுதினார். அவரும் நண்பகலில் வந்து மூன்று மணிக்குக் கிளம்பியிருந்தால் எழுதியிருப்பாரா?

இதுவரை சொன்னதெல்லாம்கூட எனக்குப் பெரிதில்லை. காணொளியின் நடுவில் ஒரு கடைக் கல்லாவில் இருக்கும் மூதாட்டியைக் காட்டுகிறாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் இவரிடம் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்கிறார், மழை வரும்போல் இருக்கிறது என்கிறார், ஆற்றுப்பக்கம் போகப் பாதை சொல்கிறார். அவ்வளவையும் பொறுமையாகச் சொன்ன அந்த முகத்தின்மேல் குரலை இழுத்து மெதுவாக்கி, கேலி இசையும் சேர்த்து, கீழே ‘பொழுதுபோகாத பாட்டி’ என்று எழுதியிருக்கிறார். அன்று அந்த ஊரில் இவருக்கு வழி காட்ட முன்வந்த ஒரே ஆள் அந்தப் பாட்டிதான். நம் ஊர்க் கடைத்தெருவில் ஒரு வெளிநாட்டவர் வந்து, நம் பாட்டி சிரித்த முகத்தோடு பேசிய பேச்சை இப்படி ஆக்கிப் போட்டால், இப்போது சிரித்துக்கொண்டிருக்கும் நண்பர்கள் எத்தனை பதிவுகள் எழுதியிருப்பார்கள்?

ஊரைப் பற்றிய கருத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும். அந்தப் பெண்மணி வரும் பகுதியை மட்டும் வெட்டிவிடச் சொல்லி அவருக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. காணொளி எடுத்தவரை நேரில் அறிந்தவர்கள் என் நண்பர்கள் பட்டியலில் சிலர் இருக்கிறீர்கள். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.