தொழுகையும் மூளை ஸ்கேனும்: ஒரு சின்னத் திருத்தம்

தொழுதால் மூளையின் முன்பகுதி வளரும், அமெரிக்காவில் ஸ்கேன் எடுத்தே நிரூபித்துவிட்டார்கள் என்று மூளை ஆய்வாளர் ஆண்ட்ரூ நியூபர்க் பெயரோடு ஒரு செய்தி பகிரப்படுகிறது. வளர்ச்சியை அந்த ஆய்வு அளக்கவே இல்லை, சகோதரரே. 2015இல் வெளியான அந்தக் கட்டுரையில், தொழுது பழகிய 3 பேரை வைத்து, ஆழ்ந்து தொழும்போது மூளையில் ரத்த ஓட்டம் எப்படி மாறுகிறது என்று ஸ்பெக்ட் ஸ்கேனில் பார்த்தார்கள், முன்பகுதியில் அது பொதுவாகக் குறைந்துதான் இருந்தது. இறைவனிடம் தன்னை ஒப்படைக்கும் உணர்வோடு இது தொடர்புடையதாக இருக்கலாம் என்பது அவர்களின் அனுமானம், எனக்கு அதுவே அழகாகப் படுகிறது. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் (PubMed) தளத்தில் நியூபர்க் பெயரோடு இஸ்லாமியத் தொழுகை என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள், சுருக்கம் இலவசமாகவே வரும். அப்புறம் எத்தனை பேர், எதை அளந்தார்கள் என்ற ரெண்டை மட்டும் பாருங்கள்.