அவனுக்குத் தெரியும், கைக்குத்தான் வரவில்லை

எழுத வராத பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள். ஆசிரியர்களிடமும் சொல்கிறேன், பெற்றோரிடமும் சொல்கிறேன், விசேஷத்துக்கு வந்த இடத்தில் பிள்ளையின் நோட்டைப் புரட்டிப் பார்த்து உச்சுக்கொட்டும் சொந்தக்காரர்களிடமும் சொல்கிறேன். அந்த ஒரு சொல் ஒரு குழந்தையை எவ்வளவு தூரம் சுருட்டி மூலையில் உட்கார வைக்கும் என்பதை வீட்டுக்குள் இருந்து பார்த்தவள் நான்.

நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில், பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். மாநிலம் கேரளம், வீட்டிலும் கடையிலும் தோட்டத்திலும் பேச்சு தமிழ். என் பிள்ளைகள் இரண்டு பேரும் இப்போது வீட்டில்தான் படிக்கிறார்கள். மூத்தவளுக்குப் பதின்மூன்று, சின்னவனுக்குப் பத்து. "ஏனுங்க, பள்ளிக்கூடம் அனுப்பறதில்லையா?" என்று கேட்காதவர்கள் ஊரில் குறைவு. கேட்பதில் தப்பில்லை. 1991 ஏப்ரல் 18 அன்று முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்துக்கொண்ட மாநிலம் இது. பள்ளிக்கூடம் போகாத பிள்ளை என்றாலே இங்கே எல்லோருக்கும் பதறும். அந்தப் பதற்றம் நல்லதுதான். என் மாமியார் அந்த எழுத்தறிவு வகுப்பில் உட்கார்ந்துதான் தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டார். களை பிடுங்கிக் காய்த்துப்போன கை அது. ஒரு எழுத்து வளைந்து வர எத்தனை நாள் ஆனாலும் யாரும் அவரைத் திட்டவில்லையாம், பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி மறுபடி சொல்லிக்கொடுத்தார்களாம். பெரியவர்களின் கைக்குக் கிடைத்த அந்தப் பொறுமை ஒரு எட்டு வயதுப் பையனின் கைக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

சின்னவன் பென்சில் பிடிப்பதைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். கட்டைவிரல் மற்ற விரல்களின் மேலே ஏறிச் சுற்றிக்கொள்ளும். ஆள்காட்டி விரலின் நுனி வெளுத்துப்போகும். இரண்டு வரி எழுதுவதற்குள் கையை உதறுவான். அழுத்தும் அழுத்தில் தாளின் பின்பக்கத்தைத் தடவினாலே எழுத்து விரலில் தட்டும். கோட்டில் ஆரம்பிக்கும் வரி நான்காவது சொல்லுக்குள் மேலே ஏறிவிடும். இரண்டு சுழி போட வேண்டிய இடத்தில் மூன்று, மூன்று போட வேண்டிய இடத்தில் நான்கு. இதற்கு டிஸ்கிராபியா என்று பெயர். கண்ணிலோ புத்தியிலோ குறை இருப்பதால் வருவது கிடையாது. நமக்கெல்லாம் பழகிப்போய்த் தானாக ஓடும் எழுத்து வேலை இந்தப் பிள்ளைகளுக்குத் தானாக ஓடாது. ஒவ்வொரு எழுத்தையும் புதிதாக வரைகிறார்கள். எழுத்தை வரைவதிலேயே கவனம் முழுவதும் போய்விட்டால், என்ன எழுத வந்தோம் என்பது எங்கே மனதில் நிற்கும்?

நம் தமிழ் எழுத்தில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 'கொ' என்று ஒரு எழுத்து. காதில் முதலில் விழுவது க், பிறகு ஒ. எழுதும்போதோ முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, கடைசியில் கால். காது ஒரு வரிசையில் சொல்லும், கை இன்னொரு வரிசையில் போக வேண்டும். பழகிய நமக்கு இது தெரிவதே இல்லை. சின்னவன் நோட்டில் 'கொக்கு' என்ற சொல் 'காக்கு' என்று இருக்கும், கொம்பு அப்புறம் நினைவு வந்து எங்காவது இடுக்கில் தொங்கும். சிவப்பு மையில் வட்டம் போட்டு, இடைவேளையில் உட்கார வைத்து, நூறு முறை எழுத வைத்தார்கள். கை வலிக்கும் பிள்ளைக்கு நூறு முறை எழுதுவதே மருந்து என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் உண்மையாகவே நம்பினார்கள். ஒரு வகுப்பில் அத்தனை பேரை வைத்துக்கொண்டு அந்த டீச்சர் என்ன செய்வார் என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் வலி என் பிள்ளைக்குத்தானே. மூன்றாம் வகுப்பு முடிந்ததும் வீட்டில் வைத்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் செய்த முக்கியமான காரியம் ஒன்றுதான்: தெரிந்துகொள்வதையும் எழுதுவதையும் தனித்தனியாகப் பிரித்தோம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எங்கள் பக்கத்துத் தென்னைக்கும் நெல்லுக்கும் உயிர் கொடுப்பது ஆழியாற்றிலிருந்து வரும் தண்ணீர். என் அப்பா வீடு பொள்ளாச்சிப் பக்கம், அங்கேயும் அதே திட்டத்துத் தண்ணீர்தான். ஆகவே எங்கள் வீட்டில் பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம் என்பது பாடம் கிடையாது, சோறு. "இந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுவார்கள், யார் விடுவார்கள்?" என்று சின்னவன் கேட்டதில் ஆரம்பித்தது. அப்புச்சி, அதாவது என் அப்பா, பக்கத்து நியாயத்தையும் எங்கள் பக்கத்து நியாயத்தையும் இரண்டு பேரும் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1970இல் தமிழ்நாடும் கேரளமும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன, ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி (ஒரு டி.எம்.சி என்றால் நூறு கோடி கன அடி) தண்ணீர் எல்லையோரம் மணக்கடவில் கேரளத்துக்கு வர வேண்டும், அது சித்தூர் புழை என்ற ஆற்றில் இறங்கி நம் வாய்க்காலுக்கு வருகிறது. மழை குறைந்த வருஷத்தில் சண்டை ஏன் வருகிறது என்பது வரை நிறுத்தாமல் பேசுவான். அப்புச்சியிடமே மல்லுக்கு நிற்பான். இதையே "பத்து வரி எழுது" என்று தாளைக் கொடுத்தால், 'ஆழியாறு அணை பெரியது. அதில் தண்ணீர் உள்ளது' என்று இரண்டு வரியோடு நின்றுவிடும். அந்தத் தாளை மட்டும் பார்த்துத் திருத்துகிறவருக்கு இவன் யார் என்று எப்படித் தெரியும்?

கணக்கும் அப்படியே. பால் சொசைட்டியில் கொடுக்கும் சீட்டை வாங்கிப் பார்ப்பது அவன் வேலை. லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப் (கொழுப்பு நீங்கலாகப் பாலில் இருக்கும் சத்து), விலை எல்லாம் அதில் இருக்கும். 6.5 லிட்டர், லிட்டருக்கு 43 ரூபாய் என்றால், "6 லிட்டருக்கு 258, அரைக்கு இருபத்தொன்றரை, 279 ரூபாய் 50 காசு" என்று சைக்கிளில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவான். தாளில் போட்டால் தப்பு வரும். காரணம் கணக்கு கிடையாது, பத்தாம் இடத்து எண் நூறாம் இடத்துக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்வதுதான். கட்டம் போட்ட நோட்டு வாங்கிக் கொடுத்தோம், கட்டத்துக்கு ஒரு எண். பாதித் தப்பு அதிலேயே போய்விட்டது. எந்த வகுப்பிலும் நாளைக்கே செய்யக்கூடிய காரியம் இது.

எழுத்தை விட்டுவிடவில்லை. வங்கியில், தபாலாபீஸில், விண்ணப்பத்தில் கையால் எழுதித்தான் ஆக வேண்டும். அதற்கென்று தினமும் கொஞ்ச நேரம், அவன் கை சோர்வதற்கு முன்பே நிறுத்திவிடுவோம். கோயம்புத்தூரில் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்கும் சிகிச்சையாளர்) சொல்லிக்கொடுத்தபடி, சிமெண்ட் திண்ணையில் சாக்பீஸால் பெரிது பெரிதாக எழுதுவது, சுவரில் மாட்டிய பலகையில் நின்றுகொண்டு எழுதுவது, மாவு பிசைவது, பென்சிலில் முக்கோண ரப்பர் மாட்டிக்கொள்வது. அந்த நேரத்தில் பாடம் கிடையாது, மார்க் கிடையாது, எழுத்து மட்டும்.

மீதி எல்லாவற்றுக்கும் கீபோர்டு. இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். 1999இல் தமிழக அரசு அறிவித்த தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்தெல்லாம் இடது கைப்பக்கம், மெய்யெல்லாம் பெரும்பாலும் வலது கைப்பக்கம். 12 உயிருக்கும் 18 மெய்க்கும் புள்ளிக்கும் விசை, அவ்வளவுதான். 247 எழுத்தும் இதற்குள் வந்துவிடும். 'கொ' வேண்டுமா, க தட்டி ஒ தட்டினால் போதும். கொம்பையும் காலையும் உரிய இடத்தில் கணினியே வைத்துக்கொள்ளும். அதாவது காது சொல்லும் வரிசையிலேயே கை போகலாம். சின்னவனுக்கு இது பெரிய விடுதலை. முதன்முதலாக முழுப் பக்கம் ஒன்றை அவன் தட்டச்சு செய்தது மேற்படி தண்ணீர் கதையைத்தான். படித்துவிட்டு அவன் அப்பா ஒன்றும் பேசாமல் அதை அச்செடுத்துப் பீரோவில் ஒட்டினார்.

"டைப் பண்ண விட்டால் கை எழுதவே பழகாதே" என்பார்கள். நம் எழுத்தையே நாம் மாற்றி எளிதாக்கியவர்கள்தானே? பெரியார் 1935லேயே 'குடி அரசு' இதழில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்தார், 1978இல் எம்.ஜி.ஆர். அரசு அதை ஏற்று ஆணை போட்டது. லை, ளை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை போல மேலே வளைந்திருந்த காலம் போய், இன்றைய வடிவம் வந்தது. அச்சுக்கும் தட்டச்சுக்கும் படிக்கும் பிள்ளைகளுக்கும் எளிதாகட்டும் என்றுதான். இந்தப் பக்கம் மலையாளத்திலும் 1971இல் எழுத்தைக் குறைத்தார்கள். என் மாமனார் இன்றைக்கும் கடைக்கணக்கில் பழைய 'லை'தான் போடுவார், யாரும் குறை சொல்வதில்லை. ஊருக்காக எழுத்தின் வடிவத்தையே மாற்றியவர்கள், ஒரு பிள்ளைக்காக எழுதும் வழியை மாற்றத் தயங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மூத்தவள் கதை வேறு. அவளுக்கு எழுத்து முத்து முத்தாக வரும். தம்பி வீட்டில் படிப்பதைப் பார்த்து அவளும் கேட்டாள், யோசித்துச் சரி என்றோம். வாயனசாலையில், அதாவது ஊர் நூலகத்தில், பாதி நாள், தோட்டத்தில் மீதி நாள். தமிழ், மலையாளம் இரண்டும் சரளமாகப் படிக்கிறாள்.

அதற்காக எல்லோரும் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கல்வியின் சுமை பெரும்பாலும் அம்மாவின் தலையில்தான் விழுகிறது. நான் பொள்ளாச்சியில் பார்த்துக்கொண்டிருந்த கணக்கு வேலையை விட்டேன். ஒருவர் சம்பளத்தில் குடும்பம் ஓடும் வீட்டில்தான் இது முடியும். அரசுப் பள்ளியில் மதிய உணவும் புத்தகமும் கிடைக்கிறது, சேர்ந்து விளையாட முப்பது பிள்ளைகள் கிடைக்கிறார்கள். தென்னந்தோப்புக் கூலிக்குப் போகும் அம்மாவிடம் போய், "நீங்களே வீட்டில் சொல்லிக்கொடுங்கள்" என்று சொல்வது கொடுமை. அவர் பிள்ளைக்கும் எழுத வராமல் இருக்கலாம். ஆகவே இது பள்ளிக்கூடத்துக்குள்தான் சரியாக வேண்டும்.

சட்டம் ஏற்கெனவே நம் பக்கம் இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று, டிஸ்கிராபியாவின் பெயர் அதிலேயே இருக்கிறது. தேர்வில் பிள்ளை சொல்லச் சொல்ல எழுத ஒருவரைக் கேட்கலாம். மத்திய அரசு வழிகாட்டுதலின்படி மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. குறைந்தது 40 சதவீதம் குறைபாடு இருந்தால்தான் எழுத உதவியாளர் என்று சொல்லி, எழுதும்போது விரல் இறுகிக்கொள்ளும் ஒரு குடிமைப்பணித் தேர்வரை மறுத்தார்கள். அது தப்பு என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே வருஷம் நவம்பரில், டிஸ்கிராபியா உள்ள ஒரு நீட் மாணவிக்குக் கூடுதல் நேரம் மறுத்ததும் தப்பு என்றது. மறுதேர்வு மட்டும் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. தேர்வு அறைக்குள் போன பிறகு சண்டை போடுவதில் பயனில்லை, முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கி வைக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும்: பாலக்காட்டில் வாங்கிய சான்றிதழ் பொள்ளாச்சிப் பள்ளியில் செல்லுமா? செல்லும். அந்தச் சட்டப்படி கொடுக்கப்படும் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லுபடியாகும். "இது வேறு ஸ்டேட்" என்று யாராவது திருப்பி அனுப்பினால் சட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

வீட்டில் படிக்க வைப்பது குற்றமா என்று கேட்பவர்களுக்கு: 2010இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் வைக்கவில்லை, வீட்டுக்கல்விக்குத் தனி அங்கீகாரமும் தரவில்லை. பத்தாம் வகுப்புக்கு நாங்கள் நம்பியிருப்பது என்.ஐ.ஓ.எஸ் என்னும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 14 வயது முடிந்தால் சேரலாம், ஐந்து வருஷத்துக்குள் தேர்வெழுத ஒன்பது வாய்ப்பு, ஒவ்வொரு பாடமாகவும் எழுதி முடிக்கலாம். மூத்தவள் அதற்குத்தான் தயாராகிறாள்.

மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். நோட்டு மோசமாக இருக்கும் பிள்ளையை ஒரு நாள் பக்கத்தில் கூப்பிட்டு, அதே கேள்விகளை வாயால் கேளுங்கள். பதில் வந்தால் அதற்கு மார்க் போடுங்கள். அப்புறம் அந்த அம்மா அப்பாவைக் கூப்பிட்டுப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், கோபாலபுரம் பக்கம் இருப்பவர்கள் யார் பிள்ளைக்காவது தமிழ்99 பழக வேண்டும் என்றால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வாயனசாலையில் மூத்தவளும் சின்னவனும் இருப்பார்கள். பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது, காசு எதுவும் வேண்டாம்.